கழுவிக் கொண்டுவந்த இன்ஜின்

அண்ணன் கார் எடுக்கும்போது சாவியை ஒரே மூச்சில் திருக மாட்டான். பாதி திருகி நிறுத்துவான். பின்சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்ப் ஸ்ஸ் என்று மெல்லிசாக இரையும். அது அடங்கியதும்தான் மீதியைத் திருகுவான். கொட்டும் மழையாக இருந்தாலும், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் "சீக்கிரம் எடுப்பா" என்று கத்தினாலும், அந்த இடைவெளி மாறாது. அடுப்படியில் இருந்தபடியே எட்டு வருஷமாக இதைக் கேட்டுவருகிறேன். வண்டியை எடுப்பது அண்ணனா வேறு ஆளா என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

அண்ணன் பெயர் அறிவழகன். வயது முப்பத்தொன்பது. கடலூர் ஆல்பேட்டையில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் இருக்கிறோம். அக்கா வினோதினியைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறது. எங்கள் தெருவில் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான புள்ள" என்பார்கள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவனுக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் அது.

அப்பா இறந்தபோது அவன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பாதியில் விட்டான். அதே மாதம் நானும் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அக்கா நன்றாகப் படிப்பாள் என்று அவளை மட்டும் காலேஜ் வரைக்கும் அனுப்பினோம். அனுப்பினோம் என்ன, அண்ணன் அனுப்பினான். கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினான். ஆலை வாசலில் முறை வருவதற்கு இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நிற்க வேண்டும். லாரிக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்குவான். அப்புறம் அண்ணாமலை நகரில் ஒரு பேராசிரியருக்கு டிரைவராகப் போனான். அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போகும்போது தன்னுடைய ஆல்டோவை, "நீ வெச்சிருந்தாத்தான் இது நல்லா இருக்கும்" என்று விலை குறைத்து அண்ணனுக்கே கொடுத்தார். அண்ணன் அதை மஞ்சள் போர்டுக்கு மாற்றினான்.

சின்னக் கார். எண்ணூறு சிசி. கல்யாண சவாரிக்கெல்லாம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணனுக்குக் கிடைத்தது நோயாளிகள். டயாலிசிஸுக்குக் கடலூரிலிருந்து அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு தடவை போய்வர வேண்டியவர்கள் நான்கு பேர் அவனுக்கு வாடிக்கை. அதில் ரத்தினம்மாள் டீச்சர் ஆறு வருஷமாக வருகிறார். ஊசி குத்திய கை அசையாமல் இருக்க அண்ணன் சீட்டில் தலையணை கட்டி வைத்திருப்பான். வேகத்தடையில் ஏறி இறங்குவது உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பான். அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது கரண்டு பில்லுக்குக் காணும்.

போன கார்த்திகையில் புயலுக்குப் பிறகு, மேலே அணை நிரம்பித் தென்பெண்ணையில் தண்ணீர் வந்தது. அந்தச் சமயம் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், சிலம்பரசன். அண்ணாமலை நகரில் ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து மாணவர்களுக்கு லாட்ஜ் நடத்துகிறார். இங்கே ஒரு கல்யாணத்துக்குத் தனியாக வந்தவர் மழையில் மாட்டிக்கொண்டார். 'அவர்' என்று எழுத எனக்குக் கை கூசுகிறது. பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

எங்கள் வீட்டில் மாமாவுக்கு நடக்கும் மரியாதையைச் சொல்லியாக வேண்டும். அவர் வந்தால் இருக்கிற ஒரே ஃபேன் அவர் பக்கம் திரும்பும். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அண்ணன் உட்காருவான். அன்றைக்கு வீட்டில் இருந்த இரண்டு முட்டையும் அவர் தட்டுக்குத்தான் போனது. நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊமச்சி. "என்னா ஊமச்சி, வாயில கொழுக்கட்டையா?" என்பார். அம்மா சிரிப்பாள். மாப்பிள்ளை தமாஷ் பண்ணினால் மாமியார் சிரிக்க வேண்டும்.

விடியும்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தெருவில் காரின் முகப்பு விளக்குவரை ஏறி, கொஞ்சம் இறங்கி, பாதிச் சக்கரத்தில் நின்றது. அண்ணன் எதிர்வீட்டுப் பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட முகாமுக்குக் கிளம்பினான். வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"யாரும் வண்டியத் தொடாதீங்க. தண்ணி உள்ள போயிருக்கும். இப்ப செல்ஃப் அடிச்சா இன்ஜினு செத்துடும்."

செல்ஃப் அடிப்பது என்றால் சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணுவது. மாமாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சரி மச்சான், சரி மச்சான்" என்று தலையை ஆட்டினார்.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. லாட்ஜில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று பையன்கள் அவருக்குப் போன் மேல் போன் போட்டார்கள். நான் அடுப்படியில் மேலே ஏற்றி வைத்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கார் சத்தம். பாதியில் நிற்கவில்லை, ஸ்ஸ் இல்லை. நேராகத் திருகின சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். கார் ஒரு உறுமு உறுமியது. அப்புறம் டக் என்று ஒரு சத்தம். அம்மிக்கல்லைச் சுத்தியலால் அடித்த மாதிரி. நின்றுவிட்டது. மறுபடி திருகினார். அசையவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சாவியை மேசைமேல் போட்டார். அம்மா ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

அடுப்படிக்கு வந்த அம்மாவிடம், "அம்மா, மாமா வண்டிய..." என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பாக்கல. ஒங்க அக்கா அங்க வாழணும். போயி அரிசியப் பாரு."

அண்ணன் வந்தான். வண்டியின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததைக் கவனித்தான்.

"யாருனா வண்டியில ஏறுனீங்களா?"

அம்மா முறத்தைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மாமாதான் பேசினார்.

"நான் எதுக்கு மச்சான் தொடப்போறேன்? ராத்திரி பூரா தண்ணியில நின்ன வண்டி. நீதான் மேடாப் பாத்து வுட்டிருக்கணும். இது தெரியாம என்னா டிரைவரு நீ?"

அண்ணன் "ஆமா மாப்ள, என் தப்புதான்" என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். என் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. அதை எழுதாமல் விட்டால் நானும் அவர்களில் ஒருத்திதான்.

வண்டியை முதுநகரில் இருக்கும் அய்யனார் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். அய்யனார் நாற்பது வருஷ மெக்கானிக். தண்ணீரில் நின்ற வண்டி எது வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. செல்ஃப் அடிச்சீங்களா, இல்லையா? அடித்திருந்தால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். அடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு தரம் மாற்றி, காயவைத்துக் கொடுத்துவிடுவார். பிரிக்கும் செலவு தேவையில்லை.

அண்ணன் "யாரும் அடிக்கலண்ணே" என்றான். அய்யனார் அதை நம்பித்தான் வேலை பார்த்தார். வண்டி ஓடியது. லேசாக ஒரு தட்டல் இருக்கிறது என்று அண்ணன் சொன்னான். "ஈரம் பட்டது, போவப்போவ சரியாவும்" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து ரத்தினம்மாள் டீச்சரை அழைத்துக்கொண்டு திரும்பி வரும்போது, புதுச்சத்திரம் தாண்டி இன்ஜின் வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாம். ரோட்டில் எண்ணெய் கொட்டியது. டயாலிசிஸ் முடித்தவருக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. டீச்சர் புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் அண்ணன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. மறுநாள் டீச்சரின் மகன் போன் பண்ணி, இனிமேல் வேறு வண்டி ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். மற்ற மூன்று பேருக்கும் விஷயம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்குப் போனபோது இன்ஜினை வெளியே தூக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அய்யனார் உள்ளேயிருந்து ஒடிந்த இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார்.

"பிஸ்டனத் தாங்குற ராடு இது. முன்னாடியே வளைஞ்சிருந்திருக்கு. வளைஞ்சதோடவே ஓடி ஓடி இன்னிக்கி ஒடிஞ்சிடுச்சி. தண்ணியோட செல்ஃப் அடிச்சாத்தான் இப்பிடி வளையும். நெசமா யாரும் அடிக்கலையா அறிவு?"

"இல்லண்ணே. என் கெட்ட நேரம்."

நான் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

இனி வேறு இன்ஜின்தான். புதிது வாங்குவது பற்றி யாரும் பேசவே இல்லை. அண்ணன் தன் பைக்கை விற்றான். அந்தப் பணத்துக்குள் பழைய இன்ஜின் பார்க்க வேண்டும். மாசியில் எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு, காட்டியாக வேண்டும். மஞ்சள் போர்டு வண்டி எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் ஏற முடியாது.

மாமா சிதம்பரத்திலிருந்து கிளம்பி ஷெட்டுக்கே வந்தார், யோசனை சொல்ல.

"அதே எண்ணூறு எதுக்கு மச்சான்? மாட்டு வண்டிக்கு ஹார்ன் வெச்ச மாதிரி இருக்கு ஒன் வண்டி. ஆயிரம் சிசி தூக்கிப் போடு. அம்பு மாதிரி போவும்."

அய்யனார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இன்ஜின மட்டும் தூக்கி வெச்சா ஓடாதுங்க. கியர் பாக்ஸ் மாத்தணும், வயரிங் மாத்தணும், கம்ப்யூட்டர் மாத்தணும், இன்ஜின் உக்கார்ற தாங்கிய வெட்டி ஒட்டணும். ஆர்.சி.யில எண்ணூறு, உள்ள ஆயிரம்னா எஃப்.சி.யில நிக்க வெச்சி அனுப்பிடுவாங்க. பேஷண்ட்ட ஏத்துற வண்டிக்கு அம்பு எதுக்கு? இதே எண்ணூறு, அடிபட்டு உடைக்க வந்த வண்டியில இருந்து, பேப்பரோட கெடைச்சா அது போதும்."

"சரி, அதே எண்ணூறு நான் கொண்டாறேன்" என்றார் மாமா. "சென்னையில நம்ம பிரெண்டு இருக்கான். வெளிய கேக்குறதுல பாதிதான் ஆவும். நீ எங்கயும் அலையாத."

அண்ணன் சரி என்றான். வேறு என்ன சொல்லுவான்.

போகிக்கு முந்தின நாள் குட்டியானை வண்டியில் இன்ஜின் வந்து இறங்கியது. மாமா கூடவே வந்திருந்தார். அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் ஷெட்டில் இருந்தேன். இன்ஜின் பளபளவென்று இருந்தது. டீசல் போட்டுக் கழுவி, வெள்ளி நிறத்தில் ஸ்பிரே அடித்திருந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"பின்னாடி அடிபட்ட வண்டி. இன்ஜின்ல ஒரு கீறல் கெடையாது. பொண்ணு பாக்க வந்தா மாதிரி இருக்குதா?" என்றார் மாமா. "அய்யனாரே, இன்னிக்கே தூக்கிப் போட்டுடு. பொங்கலுக்கு வண்டி ஓடணும்."

அய்யனார் இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து எதையோ பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சம்பைக் கழட்டி ஒரு வாட்டி பாத்துடலாங்களா?" என்றார். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு.

"ஏன், என் மேல நம்பிக்க இல்லியா? ஊட்டு மாப்ள கொண்டாந்த பொருள கொடைஞ்சு கொடைஞ்சு பாப்பியா? அப்பிடின்னா இப்பவே திருப்பி அனுப்பிடறேன் மச்சான்."

"ஐயோ, வேணாம் மாப்ள" என்றான் அண்ணன். "அய்யனாருண்ணே, இருக்கட்டும். அவுரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குடும்ப விவகாரம். நாற்பது வருஷ மெக்கானிக்கும் மாப்பிள்ளை என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் குனிந்து பார்த்த இடத்தை நானும் குனிந்து பார்த்தேன். கியர் பாக்ஸோடு சேரும் பக்கத்தில் போல்ட் மாட்டும் துளைகள் இருந்தன. வெளியே வெள்ளி. துளைக்குள்ளே சாம்பல் பழுப்பில் மாவு மாதிரி ஒன்று அடைந்திருந்தது. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புயலிலிருந்து நாற்பது நாளாக என் தையல் மெஷினின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் அதைத்தான் ஊக்கால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆற்று வண்டல். காய்ந்தால் பவுடர், நனைந்தால் பசை. கழுவினாலும் துளையில் இருப்பது போகாது.

தாவணியிலிருந்த காலத்திலிருந்தே என் வளையலில் நாலு ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றித் துளைக்குள் விட்டுத் தோண்டினேன். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உதிர்ந்தது. அண்ணனிடம் நீட்டினேன்.

"இது தண்ணியில முழுவுன இன்ஜினுண்ணா."

மாமா சிரித்தார்.

"அட, ஊமச்சி பேசுது! மெக்கானிக் ஷெட்டு வெக்கப் போறியா? ரோட்டு மண்ணு இது. போ, போ, ஊட்டுல ஜாக்கெட்டுக்கு ஊக்கு தை."

"ரோட்டு மண்ணுல மணல் இருக்கும் மாமா. இதுல இல்ல. தேச்சிப் பாருங்க."

"அறிவு, ஒன் தங்கச்சிய உள்ள அனுப்பு. பொம்பள பேசற எடமா இது?"

அண்ணன் என்னைப் பார்த்து, "நீ போம்மா" என்றான். தணிந்த குரலில்தான் சொன்னான். அந்தத் தணிந்த குரல்தான் என்னை உடைத்தது. வருஷக் கணக்காக எல்லாவற்றுக்கும் தணிந்து, தணிந்து, கடைசியில் ஒரு வயசான அம்மாவைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தது அந்தக் குரல்தான். அதற்கு நானும் உடந்தை.

"போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. வெள்ளம் வந்த அன்னிக்கி செல்ஃப் அடிச்சது மாமா. ஜன்னல்ல இருந்து நான் பாத்தேன். ரெண்டு வாட்டி அடிச்சாரு. மொத வாட்டி உறுமிட்டு டக்குனு நின்னுச்சி. சாவிய அம்மாதான் ஆணியில மாட்டுச்சி. நீ மேட்டுல வுடாததால போவல இன்ஜினு. இவரு திருகுனதால போச்சி."

அவ்வளவு பெரிய பேச்சு நான் என் ஆயுளில் பேசியதில்லை. அழவில்லை.

மாமா, "கேட்டியா மச்சான்? சோறு போட்ட கையாலயே சூடு வெக்கிறாங்க" என்றார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. அதை அய்யனார் கவனித்தார். கீழே வைத்த ஸ்பேனரை எடுத்தார். யாரையும் கேட்காமல் சம்பின் போல்ட்டைத் தளர்த்தினார். எண்ணெய் கறுப்பாக வரவில்லை. பால் அதிகமாகிப்போன டீ மாதிரி, வெளுத்து, திக்காக வந்து தட்டில் விழுந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். பிளக் துளையில் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே துரு வளையம்.

"பத்து நாள் ஓடியிருக்கும்" என்றார் அய்யனார். "அப்பறம் மறுபடி புதுச்சத்திரம்தான்."

மாமா அதைத் தெரிந்தே கொண்டுவந்தாரா, இல்லை அவரையும் யாராவது ஏமாற்றினார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். இன்ஜினைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

போகி அன்று அண்ணன் வழக்கம்போல அக்காவுக்கு வரிசை எடுத்துப் போனான். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, எல்லாவற்றையும் பஸ்ஸில் சுமந்துகொண்டு சிதம்பரம் போனான். மதியமே திரும்பி வந்தான். கரும்புக் கட்டு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அக்கா வாசல்படி தாண்டி அவனை விடவில்லையாம்.

"எம் புருசன நாலு பேர் முன்னால திருடன் மாதிரி நிக்க வெச்சீங்க. எனக்கு வரிச ஒரு கேடா? அவ வந்து இவுரு கால்ல வுழுவட்டும். அப்பறம் தூக்கிகினு வா" என்றாளாம்.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பேசாதவ பேசுனா இப்பிடித்தான். ஒரு இரும்புக்கு ஒங்க அக்காள வித்துட்டியே."

"சாவிய மாட்டுனது யாரும்மா?" என்று கேட்டேன்.

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அண்ணன் என்னிடம், "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான். அது ஒன்றுதான் சொன்னான். தனியாகச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்தக் கழுவின இன்ஜினையே மாட்டிக்கொண்டு ஓட்டியிருப்பான்.

மாட்டுப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், அண்ணன் அம்மாவிடம் சொன்னான். "அய்யனாரோட புதுச்சேரி ரோட்டுல இன்ஜினு பாக்கப் போறேன். அவளையும் வரச் சொல்லு." நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய வண்டி உடைக்கிற இடம் அது. இன்ஜின்கள் பலாப்பழம் மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஆல்டோ இன்ஜின் மட்டும் நாலு இருந்தன. கடைக்காரர் முதலில் காட்டியது நன்றாகத் துடைத்து வைத்திருந்த ஒன்று. அய்யனார் அதன் பக்கம் போகவே இல்லை. "கழுவுனவன் எதையோ மறைக்கிறான். அழுக்கோட இருக்குறதப் பாப்போம்" என்றார். அண்ணன் டார்ச்சை என் கையில் கொடுத்தான். நான் துளை துளையாக அடித்துப் பார்த்தேன். இரண்டாவதில் வண்டல் இருந்தது. தலையை ஆட்டினேன். மூன்றாவதைக் கையால் சுற்றியபோது ஒரு சிலிண்டர் மட்டும் தொளதொளவென்று சுற்றியது. அதில் அமுக்கம் இல்லை என்றார் அய்யனார்.

நான்காவது, மூலையில் கோணிக்கு அடியில் கிடந்தது. மேலெல்லாம் கறுத்த பிசுக்கு, அதன்மேல் புழுதி, புழுதிமேல் எலிப்புழுக்கை. ஸ்பேனர் வைத்துச் சுற்றினால் மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளின. எண்ணெய் கறுப்பு. துரு இல்லை. லாரி மோதிப் பின்பக்கம் நசுங்கிய வண்டியின் இன்ஜின் என்றார்கள். ஆர்.சி. ரத்து செய்த காகிதமும் ரசீதும் இருந்தன. காகிதத்தில் இருந்த நம்பரை நான் படிக்க, அண்ணன் இன்ஜினில் வெட்டியிருந்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான். பைக் விற்ற பணத்துக்குக் கொஞ்சம் மேலேதான் கேட்டார்கள். அய்யனார் தன் கூலியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுப் போட்டு, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றி, மாசிக் கடைசியில் எஃப்.சி. வாங்கியாகிவிட்டது. அண்ணன் தானே போய் ரத்தினம்மாள் டீச்சரையும் அவர் மகனையும் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். மாமா பெயரைச் சொல்லவில்லை. "எங்க வீட்டு ஆளு ஒருத்தரு" என்றானாம்.

இப்போது ஆவணி. கார் ஓடுகிறது. டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் மறுபடி அண்ணன் வண்டியில்தான் போகிறார். மற்ற மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தார், இருவர் வரவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவள் மகள் பிறந்தநாளுக்கு நான் தைத்து அனுப்பிய பாவாடை சட்டை பிரிக்காமல் திரும்பி வந்தது. அண்ணன் என்னிடம் சோறு, தண்ணீர், வண்டி இந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறான். அம்மா பக்கத்து வீடுகளில் நான் வாயாடி ஆகிவிட்டதாகச் சொல்லிவருகிறாள். மாமா காலில் நான் விழவில்லை, விழவும் மாட்டேன். "அன்றைக்குச் சாவி போட்டது நான்தான்" என்று அவர் தன் வாயால் இன்னும் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.